நாலே எண்தான், மலர்விழி

திருப்பூர்
தை மாதம்

அன்புள்ள மலர்விழி,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தை நானும் பெரியம்மாவும் பார்த்தோம். ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் கடற்கரை, சிவந்த அந்தி வானம், சவுக்கு மரத்தடியில் துண்டு விரித்துப் படுத்திருக்கும் வெள்ளைக்காரர்கள். கீழே, "கிளாஸ் 1 தானாம் பெரியப்பா, நம்ம ஊர்ல ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்தற மாதிரி" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் பாதி காதில் விழும், பாதி மறந்துபோகும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கு.

முதலில் அந்தக் கூண்டுக் கணக்கை மறந்துவிடு. நம் துறைமுகங்களில் ஏற்றும் கூண்டு 1 முதல் 11 வரை போகும். கப்பல்காரர்களுக்காக ஏற்பட்ட கணக்கு அது. நாகையில் ஒன்றாம் எண் ஏற்றினால் எங்கோ நடுக்கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று பேப்பரில் படித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போவோம். நீ இருக்கும் மொரீசியஸில் புயல் எச்சரிக்கை எண் நாலோடு முடிந்துவிடும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும் என்றால், அதற்கு 36 முதல் 48 மணி நேரம் முன்பே கிளாஸ் 1 சொல்லிவிடுவார்கள். அந்தக் காற்றுக்கு முன்னால் ஜனங்களுக்குப் பன்னிரண்டு மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கிற மாதிரி கிளாஸ் 2, ஆறு மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கிற மாதிரி கிளாஸ் 3. கிளாஸ் 4 வந்துவிட்டால் 120 கிலோமீட்டர் காற்று தீவில் எங்கோ ஏற்கெனவே பதிவாகிவிட்டது, இன்னும் வீசும் என்று அர்த்தம்.

வெறும் மணிக்கணக்காக வைக்காமல் பகல் வெளிச்சத்தைக் கணக்கில் வைத்தார்களே, அவர்களுடைய அனுபவமெல்லாம் அதில்தான் இருக்கிறது. இருட்டில் யாரும் கூரை ஏறிக் கட்ட முடியாது, மழையில் வண்டி ஓட்டி இன்னொரு ஊருக்குப் போக முடியாது. புயல் விடியற்காலை மூன்று மணிக்கு வருமென்றால் கிளாஸ் 3 முந்தின நாள் மத்தியானமே வந்துவிடும். அந்த நேரத்தில் வெயில்கூட அடிக்கலாம். "இந்த வெயிலுக்கா எச்சரிக்கை" என்று கேட்கத் தோன்றும். கேட்காதே. உன் வேலை எல்லாம் கிளாஸ் 2லேயே முடிந்திருக்க வேண்டும். கிளாஸ் 3 வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டியதுதான். பஸ் நிற்கும், கடை அடைப்பார்கள், பிளெசான்ஸ் விமான நிலையமும் மூடிவிடும்.

இன்னொன்றும் நீ புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் புயல் "கரையைக் கடந்தது" என்றவுடன் பாதி நிம்மதி வந்துவிடும். கடலின் வெதுவெதுப்பும் ஈரமும் இல்லாமல் நிலத்துக்குள் போகப் போக அது வலுவிழக்கும். கடலோரத்துக்காரர்களை அறுபது, எழுபது கிலோமீட்டர் உள்ளே கொண்டுபோய் வைத்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். நீ இருக்கும் தீவின் நீளமே 65 கிலோமீட்டர்தான், அகலம் 45. புயலுக்கு அது ஒரு தடையே இல்லை. மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, அதே வலுவோடு ரீயூனியன் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். ஓடி ஒளிய உள்நாடு என்று ஒன்று கிடையாது. ஆனபடியால் அங்கே பாதுகாப்பு என்றால் கான்கிரீட் வீடும் அதற்குள் அசையாமல் இருக்கும் பொறுமையும்தான்.

அந்தக் கான்கிரீட்டுக்கு ஒரு கதை உண்டு. 1960 ஜனவரியில் அலிக்ஸ் என்று ஒரு புயல். அந்தச் சேதத்தைச் சரிசெய்து முடிப்பதற்குள் பிப்ரவரி கடைசியில் கரோல் வந்தது. மணிக்கு 256 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. மரமும் தகரமும் ஓலையுமாக இருந்த வீடுகள் ஆயிரக்கணக்கில் தரைமட்டமாயின. அந்த வருஷத்துச் சர்க்கரை உற்பத்தி முந்தின வருஷத்தில் பாதிகூட இல்லை. அதற்குப் பிறகுதான் அரசாங்கம் குடியிருப்புகளைக் கட்டத் தொடங்கியது. ஜனங்களும் கையில் காசு சேரச் சேரத் தகரத்தை எடுத்துவிட்டுத் தளம் போட்டார்கள். நீ பார்த்திருப்பாய், நம் ஊர் மாதிரியே மொட்டை மாடியில் அடுத்த தளத்துக்குக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். அழகில்லை என்று டூரிஸ்ட்டுகள் சொல்வார்கள். 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயல் 280 கிலோமீட்டர் வேகத்தில் வீசியபோது உயிர்ச்சேதம் கரோல் அளவுக்குப் போகாததற்கு அந்த அழகில்லாத பெட்டி வீடுகளும் ஒரு காரணம் என்றே நான் சொல்வேன்.

இப்போது உன் வீட்டு விஷயம். தரைத்தளம், ரோட்டைத் தாண்டினால் கடல் என்று போன வாரம் பெருமையாகச் சொன்னாய். மற்ற நாளில் நல்ல வீடு. இந்த வாரத்துக்கு ஆகாது. தீவைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறது, அலையின் வேகத்தை அது உடைத்துவிடும் என்று சொல்வார்கள், பெருமளவுக்கு உண்மைதான். ஆனால் புயல் கடல் மட்டத்தையே தூக்கிக்கொண்டு வரும்போது பாறைக்கு மேலே ஆழம் கூடிவிடும், அலை தாண்டி உள்ளே வரும்.

உன்னைப் போல மேற்குக் கரையில் இருப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தென்கோளத்தில் புயல் கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும், நம் வங்காள விரிகுடாவுக்கு நேர் எதிர். அங்கே பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். நேராகத் தீவின் மேல் வருமானால் முதலில் காற்று தென்கிழக்கிலிருந்து அடிக்கும். உன் பக்கத்துக் கடலுக்கு அது நிலத்திலிருந்து வீசும் காற்று. அதனால் மஹேபூர் பக்கம் கொந்தளிக்கும் நேரத்தில் ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக்கில் "ஒன்றும் பெரிதாக இல்லையே" என்று தோன்றும். கண் கடந்துபோனதும் காற்று திரும்பி வடமேற்கிலிருந்து வரும். அது கடலைத் தள்ளிக்கொண்டு நேராக உன் வாசலுக்கு வரும் காற்று. கண் நேராக வராமல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போனால் திசை வேறு மாதிரி மாறும். எப்படியானாலும், முதல் பாதியை வைத்து மறுபாதியை எடைபோடாதே.

உன்னோடு வேலை செய்யும் அந்தப் பெண் ரோஸ் ஹில்லில் இருக்கிறாள் என்றாயே. மேட்டுப்பாங்கான ஊர், கடல் தொடாது. கிளாஸ் 2 அறிவித்தவுடன், வெளிச்சம் இருக்கும்போதே, பையை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடு. கேட்கக் கூச்சப்படாதே. அந்த ஊர்க்காரர்கள் புயலுக்கு வந்து தங்குகிறேன் என்றால் ஏன் என்று கேட்க மாட்டார்கள், பாய் எத்தனை என்றுதான் கேட்பார்கள். அங்கே இடமில்லை என்றால் உன் கட்டடத்திலேயே மாடியில் இருப்பவர்களிடம் இன்றைக்கே போய்ப் பேசு. அதுவும் முடியாவிட்டால் அரசாங்கம் திறக்கும் தங்குமிடம் உன் பகுதியில் எது என்று காவல் நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள். புது இடத்துக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரர் பேரைத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை என்று உன் பாட்டி சொல்வாள். நீ போய் மூன்று வாரம் ஆகிறது, இன்னும் அந்தப் படியேறவில்லை என்று எனக்குத் தெரியும்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தில் முக்கியம். அந்த நாலு எண்ணும் காற்றுக்கு. தண்ணீருக்கு அல்ல.

2013 மார்ச் 30ஆம் தேதி போர்ட் லூயிஸில் புயலே கிடையாது. மத்தியானம் கொட்டிய மழையில் ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைகளிலிருந்து தண்ணீர் இறங்கி, 11 பேர் இறந்தார்கள். கொடான் என்ற இடத்துக்குப் பக்கத்தில் ரோட்டுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையிலும், தரைக்குக் கீழே இருந்த கார் நிறுத்துமிடத்திலும் மாட்டிக்கொண்டவர்களும் அதில் உண்டு. 2024 ஜனவரி 15ஆம் தேதி பெலால் புயல் தீவின் மேலே நேராக வரவும் இல்லை. ஆனாலும் போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போய் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தது. வீடு திரும்பும் ஜனங்கள் ரோட்டில் இருந்த நேரம் அது. வானிலை நிலையத்தின் தலைவர் பதவி விலகும் அளவுக்குப் பேச்சு கிளம்பியது.

அதிகாரிகள் மேல் தப்பு, இல்லை என்பதெல்லாம் அவர்கள் ஊர் விவகாரம். உனக்கு வேண்டியது இவ்வளவுதான்: எண் சின்னதாக இருக்கிறதே என்று மழையில் கிளம்பாதே. எண்ணை எடுத்துவிட்டார்களே என்றும் கிளம்பாதே. சுரங்கப்பாதை, பாலத்தடி, பேஸ்மென்ட் பார்க்கிங் எதுவும் வேண்டாம். ரோட்டில் ஓடும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் என்றாலும் அதில் வண்டியை இறக்காதே.

செய்திக்கு வாட்ஸ்அப்பை நம்பாதே. வாக்வாவில் இருக்கும் வானிலை நிலையம் அறிக்கை விடும், எம்.பி.சி. ரேடியோவில் வாசிப்பார்கள். இணையத்தில் ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என்று நிறம் சொல்லிப் பயமுறுத்தும் செய்தி வந்தால் அது பக்கத்துத் தீவான ரீயூனியனுடைய கணக்கு, உனக்கு இல்லை. அறிக்கையில் புயல் நிற்கும் அட்சரேகை, தீர்க்கரேகை சொல்வார்கள். நாங்கள் மொரீசியஸில் இருந்த காலத்தில் பேப்பரில் அச்சடித்த கட்டம் போட்ட வரைபடத்தை வெட்டிச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு அறிக்கைக்கும் ஒரு புள்ளி வைப்போம். மில்லில் ஷிப்ட் மாறும்போது அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். நீயும் ஒரு தாளில் போட்டுப் பார். தீவு 20 டிகிரி தெற்கு, 57.5 டிகிரி கிழக்கு. ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். மூன்று டிகிரி வடக்கே நிற்கும் புயல் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நேராகத் தெற்கே வந்தால் 22 மணி நேரம். செல்போனில் கலர் கலராகச் சுழலும் படத்தைப் பார்த்து மிரளுவதைவிட, கையால் வைத்த நாலு புள்ளி மனசை ஒரு நிலையில் வைக்கும். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் புயலின் மையம் உன் வலது கைப்பக்கம் இருக்கும் என்பதையும் நினைவில் வை. நம் கடற்கரையில் அது இடது கைப்பக்கம்.

பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். தண்ணீர்தான் முதலில். குடிக்கத் தனி, புழங்கத் தனி. 1994 பிப்ரவரியில் ஹொலாண்டா வந்தபோது குக்கர் வரைக்கும் ஒரு பாத்திரம் விடாமல் அவள் நிரப்பி வைத்தாள், நான் சிரித்தேன். கரண்ட் திரும்ப நாள் கணக்கில் ஆனது, பம்ப் ஓடவில்லை, அந்தக் குக்கர் தண்ணீரில்தான் காப்பி. உன் வீட்டில் மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்குமா, பம்ப் ஓடினால்தான் வருமா என்று கேட்டுத் தெரிந்துகொள். அடுப்பு கரண்டில் ஓடுவதா என்றும் பார். அப்படியென்றால் இன்றைக்கே புளிசோறு கிளறி வைத்துக்கொள், ரெண்டு நாள் தாங்கும். கடையில் பிரெட்டுக்கு வரிசை நிற்கும், மெழுகுவத்தி மத்தியானத்துக்குள் தீர்ந்துபோகும். பேட்டரி டார்ச் ஒன்று, பேட்டரி போட்ட சின்ன ரேடியோ ஒன்று. பவர் பேங்க் வைத்திருப்பாய், ஆனால் டவரே விழுந்தால் போனில் எத்தனை சார்ஜ் இருந்து என்ன, ரேடியோதான் பேசும். பாஸ்போர்ட், விசா தாள், கொஞ்சம் கைக்காசு, மாத்திரை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில். கார்டு வேலை செய்யாது, ஏ.டி.எம். வேலை செய்யாது. சென்னை ஆபீசுக்கு இன்றைக்கே எழுதிவிடு, இரண்டு மூன்று நாள் வேலைக்கு வர முடியாது என்று. நம்மைவிட அங்கே மணி ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதைக்கூட மறந்து மீட்டிங் வைக்கிறவர்களுக்குப் புயல் கண்ணில் படாது, நீதான் சொல்ல வேண்டும்.

பால்கனியில் இருக்கும் பூந்தொட்டி, துணிக்கம்பி, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் உள்ளே எடு. அந்தக் காற்றில் அவை அடுத்த வீட்டு ஜன்னலை உடைக்கும். கண்ணாடியில் டேப்பைக் குறுக்கே ஒட்டினால் உடையாது என்று யாராவது சொல்வார்கள். ஒரு பலனும் இல்லை. மரக்கதவோ ஷட்டரோ இருந்தால் சாத்து. இல்லாவிட்டால் கண்ணாடி இருக்கும் அறையை விட்டு உள்ளறைக்கு வந்துவிடு. காற்று இந்தப் பக்கம் அடித்தால் அந்தப் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும், அப்போதுதான் அழுத்தம் சமமாகும் என்பார்கள். அதையும் கேட்காதே. எதையும் திறக்காதே.

ராத்திரி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், திடுக்கிடாமல் இருக்க. அங்கே வீடுகளில் அலுமினிய சறுக்கு ஜன்னல்தானே. காற்று மழையை அதன் கீழ்ப்பள்ளத்துக்குள் அழுத்தும்போது, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் உலை கொதிப்பது மாதிரி குமிழ் விட்டுப் பொங்கித் தரையில் வழியும். மூடின ஜன்னலுக்குள் தண்ணீர் எப்படி வருகிறது என்று கைகால் பதறும். ஒன்றுமில்லை, பழைய துண்டைப் பள்ளத்தில் திணித்துவை, நனைந்ததும் வாளியில் பிழி, மறுபடியும் திணி. 2002 ஜனவரியில் டீனா அடித்த ராத்திரி முழுக்க எங்களுக்கு இதே வேலை. நல்லதுதான், கை வேலையாக இருந்தால் காது ஓசையைக் கேட்காது. அந்த ஓசை ஒரே சீராக வராது. தணியும், தணியும், திடீரென்று ஒரு அறை வந்து விழும். காது லேசாக அடைக்கும். உள் கதவுகளையும் சாத்தி வை.

நடு ராத்திரியில் எல்லாம் சட்டென்று நின்று, நட்சத்திரம்கூடத் தெரிந்தால், வெளியே போய்ப் பார்க்கத் தோன்றும். அது கண். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று முன்னறிவிப்பில்லாமல் வந்து மோதும். முடிந்துவிட்டது என்று நினைத்துப் படியிறங்கியவர்கள் அடிபடுவது அப்போதுதான். எச்சரிக்கையை விலக்கிவிட்டோம் என்று ரேடியோ சொல்லும்வரை வாசல்படி தாண்டாதே, அம்மணி.

அந்த ஊர் ஜனங்கள் புயலுக்குச் சிரிப்பார்கள். லீவு கிடைத்தது என்று சீட்டுக்கட்டை எடுப்பார்கள், பக்கோடா பொரிப்பார்கள். தைப்பூசக் காவடி எடுக்கிற தை மாதமும் சிவராத்திரிக்குக் கிராண்ட் பாசின் ஏரிக்கு நடந்து போகிற மாசியும் அவர்களுக்குப் புயல் காலம்தான். கோயிலும் உண்டு, புயலும் உண்டு என்று பழகிவிட்டார்கள். நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை அப்படித்தான். வராமலே போனாலும் கவலைதான். மார் ஓ வாக்வா நீர்த்தேக்கம் நிரம்பப் புயல் மழை வேண்டும். அந்தச் சிரிப்பைப் பார்த்து அலட்சியம் என்று நினைத்துக்கொண்டு நீயும் அலட்சியமாக இருக்காதே. கூரைத் தொட்டியைக் கட்டி, ஷட்டரைச் சாத்தி, அரிசியும் எண்ணெயும் வாங்கி வைத்துவிட்டுத்தான் அவர்கள் சீட்டாட உட்காருகிறார்கள். நீயும் அதையெல்லாம் முடித்துவிட்டுத் தாராளமாக அவர்களோடு உட்கார். ரம்மி உனக்குத் தெரியும்தானே.

விடிந்த பிறகு வெளியே வந்தால் அறுந்த மின்கம்பியைத் தொடாதே, அது கிடக்கும் தண்ணீரிலும் காலை வைக்காதே. சாய்ந்த சவுக்கு மரத்தடியில் நின்று படம் எடுக்காதே. குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. கீரை, காய் எல்லாம் ஒரு மாதத்துக்கு விலை ஏறியிருக்கும், பருப்பில் ஓட்டிக்கொள். வாளி, தொட்டியில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிடு, டெங்கு அங்கேயும் உண்டு. கடலில் ஒரு வாரத்துக்கு இறங்காதே, லகூன் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும். அவசரத்துக்குப் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 114, தீயணைப்பு 115. தாளில் எழுதி வைத்துக்கொள், போனில் மட்டும் வைக்காதே.

உன் அம்மா நேற்றிலிருந்து, டிக்கெட் போட்டு உடனே வரச் சொல்லுங்கள் என்கிறாள். வேண்டாம். கடைசி விமானத்தைப் பிடிக்க மழையில் பிளெசான்ஸ் வரை ஓடி, அது ரத்தாகி, விமான நிலையத் தரையில் படுத்துக் கிடப்பதைவிட ரோஸ் ஹில் வீட்டில் பாயில் படுப்பது மேல். அவளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கிளாஸ் 2 சொன்னதும் ரோஸ் ஹில்லுக்குக் கிளம்பு, போய்ச் சேர்ந்ததும் "வந்துட்டேன்" என்று ஒரு வரி போடு. கிளாஸ் 3 வந்த பிறகு எங்களோடு பேசிச் சார்ஜைத் தீர்க்காதே. நாங்கள் கூப்பிட்டாலும் எடுக்காதே. எச்சரிக்கையை விலக்கியபின் கூப்பிடு, எந்நேரமானாலும் சரி.

அன்புடன்,
பெரியப்பா